வலப்பக்கப் பெட்டி

இலத்திரனியல் தொடர்பாடலின் அடிப்படையைப் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் எவரும் முதல் நாளே கரும்பலகையில் ஐந்து பெட்டி போட்டுவிடுவார்கள். இடது ஓரத்தில் தகவல் புறப்படும் இடம், அடுத்தது அனுப்பி, நடுவில் ஊடகம், பிறகு வாங்கி, வலது ஓரத்தில் தகவல் போய்ச் சேரும் இடம். ஊடகத்தின் தலையில் இரைச்சல் வந்து விழுவதாக ஓர் அம்பு. 1948இல் குளோட் ஷனன் தம் கட்டுரையில் போட்ட படம். முக்கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் அதே வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு உறுத்துவது வலப்பக்கப் பெட்டி. அனுப்பிக்கு வாரக்கணக்கில் நேரம் போகும்: வீச்சப் பண்பேற்றம், மீடிறன் பண்பேற்றம், காவி அலை, பக்கப்பட்டை. ஊடகத்துக்கும் இரைச்சலுக்கும் நிகழ்தகவுக் கணக்கோடு இன்னும் சில வாரம். வாங்கிக்குக் கொஞ்சம். கடைசிப் பெட்டிக்கு ஒரு மணி நேரங்கூடக் கிடைப்பதில்லை. தாளின் ஓரம் வந்துவிடுவதால் மாணவர்கள் அதைச் சிறிதாகத்தான் வரைவார்கள். சிலர் கோட்டுக்கு வெளியே தள்ளுவார்கள். அவசரக்காரர் அம்பை நீட்டிவிட்டு அதோடு நிறுத்துவதும் உண்டு. அதற்காகப் புள்ளி குறைவதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஓர் ஆள். எதையோ எதிர்பார்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிற ஆள். அவரை வரையாமலே பாடம் முடிந்துவிடுகிறது, பரீட்சையும் முடிந்துவிடுகிறது, பட்டமும் கிடைத்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள மண்டூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைக் கடந்து போக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை யோசித்துப் பார்ப்பதைத் தவிர இந்தக் கட்டுரைக்கு வேறு நோக்கமில்லை.

ஷனன் செய்த முதற்காரியம், செய்தியின் பொருளைக் கழற்றி ஓரமாக வைத்தது. செய்தி கலியாணமா சாவா என்பது கம்பிக்குத் தேவையில்லை. இருக்கக்கூடிய பல செய்திகளுள் எது தெரிவு செய்யப்பட்டது என்பது மறுமுனையில் பிசகாமல் தெரிந்தால் போதும் என்றார். முதன்முறை இதைக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு சின்னச் சுணக்கம் தெரியும், எதையோ பறிகொடுத்துவிட்டதைப் போல. ஆனால் பொருளை எடுத்த இடத்தை அவர் வெறுமையாக விடவில்லை, எதிர்பார்ப்பை வைத்தார். நடக்கவோ நடக்காமற்போகவோ சரிபாதி வாய்ப்புள்ள ஒன்றைச் சொன்னால் ஒரு பிட். 1,024 வாய்ப்பில் ஒன்றாக வரக்கூடியதைச் சொன்னால் பத்துப் பிட். நிச்சயமாக நடக்கப்போவதைச் சொன்னால் பூச்சியம். மண்டூர்ப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தச் சமன்பாடே வேண்டாம், பாதை போதும். குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிவரும் மிதவையைத்தான் பாதை என்கிறோம். பங்குனி வெயிலில் துறையில் நின்று ‘பாதை ஓடுதா?’ என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மார்கழி அடைமழையில், வாவி முட்டிக் காற்றும் எழும்பிய விடியற்காலையில், நோயாளியைக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நிற்கிறவர் கேட்டால் கதை வேறு. ‘ஓடுது மனே’ என்று வருகிற பதில், பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போவதா, விடியும்வரை பொறுப்பதா என்ற எல்லாக் கணக்கையும் ஒரே அடியில் தீர்த்துவைக்கிறது. சொல் அதே சொல், குரலும் அதே குரல். கனம் மட்டும் கேட்டவரின் அறியாமையிலிருந்து வருகிறது. தகவலின் அளவு அனுப்புகிறவரின் கையில் இல்லை, காத்திருக்கிறவரின் மனத்தில் இருக்கிறது என்பதைக் கணிதமாக நிறுவிய கோட்பாடு இது. அப்படியானால் அதன் பாடம் மட்டும் ஏன் இடப்பக்கத்திலேயே குடியிருக்கிறது?

எங்களூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். திரை தொங்கும், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது, மந்திரம் காதில் விழாது. ஆவணித் திருவிழாக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் வந்து அந்தத் திரையின் முன்னால் நெருக்கியடித்து நிற்கிற சனத்தைப் பார்த்தால், எதுவுமே கிடைக்காமல் நிற்கிற சனமாகத் தெரியாது. விஞ்ஞானமெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்களின் வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. கோயிலைக் கொண்டுவந்து ஷனனுக்குப் பொட்டு வைக்கவும் இல்லை. நான் சொல்ல வருவது மிகச் சின்ன விடயம். தந்திக் குறியீட்டில் புள்ளிக்கு ஓர் அலகு நேரம், கோட்டுக்கு மூன்று அலகு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று அலகு மௌனம், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏழு அலகு மௌனம். அந்த மௌனங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குழப்பம். அதாவது மௌனமும் நெடுங்கணக்கில் ஓர் எழுத்து. ஆனால் அது எழுத்தாவது இரு முனையும் முன்கூட்டியே உடன்பட்டிருந்தால்தான். திரைக்கு முன்னால் நிற்கிற கிழவிக்கு அந்த உடன்படிக்கை பாட்டனார் காலத்திலிருந்து கிடைத்தது. கமராவோடு வந்த வெளியூர்க்காரருக்கு வாயில் துணி கட்டிய ஒருவர் மட்டும் தெரிவார். ஊடகம் ஒன்று, குறிகை ஒன்று. வந்து சேர்வது இரண்டு. பெட்டிப் படத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு இடமே இல்லை. குறியீட்டுப் புத்தகம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் படமே தொடங்குகிறது. அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார், அது யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விகள் படம் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டவை.

இதே வாவியில் இன்னொரு சத்தம் உண்டு. பூரணை இரவில் கல்லடிப் பக்கம் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியைக் காதோடு அழுத்தினால் கேட்கும் என்பார்கள். பிரித்தானிய ஆட்சியின் அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் தோணியில் போய்க் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுகிற அதிர்வோடு ஒப்பிட்டு எழுதினார். மீனவர்கள் ஊரி என்கிற ஓட்டுயிர்தான் சத்தமிடுகிறது என்று அவருக்குச் சொன்னார்கள். நூறாண்டு கழித்து, 1950களில், மட்டக்களப்பிலிருந்த யேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். பிறகு இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்து, சுரங்களின் இடைவெளியைக் கணக்கிட்டு 1947இல் யாழ்நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளுக்கும் இந்த நீரிசை மேல் தீராத ஆர்வம் இருந்தது. என்னை இதில் இழுப்பது துடுப்பு. நீரின் ஒலித்தடை காற்றினுடையதைப் போல் ஏறக்குறைய 3,600 மடங்கு. நீருக்குள் பிறக்கிற ஒலி மேற்பரப்பில் மோதும்போது ஆயிரத்தில் ஒரு பங்குச் சக்திதான் காற்றுக்குள் ஏறும். மிச்சம் உள்ளுக்கே திரும்பிவிடும். 30 டெசிபல் இழப்பு. மரத்தின் ஒலித்தடை காற்றைவிட நீருக்கு எவ்வளவோ கிட்ட. தண்ணீரிலிருந்து மரம், மரத்திலிருந்து எலும்பு என்று ஒலி ஏறிவர, நடுவில் காற்று இல்லாமலே கேட்டுவிடுகிறது. 300 ஓம் அன்ரெனாவை 75 ஓம் கேபிளோடு பொருத்தத் தொழில்நுட்பவியலாளர் இடையில் ஒரு சின்ன மாற்றியைச் செருகுவதும் இதே வேலைதான். பௌதிகம் இதோடு முடிகிறது. முடியாத கேள்வி ஒன்று மிஞ்சும்: அது குறிகையா, இரைச்சலா? எங்களுக்காக எதுவும் பாடவில்லை. ஊரியோ மீனோ தன் பாட்டுக்குத் தன் காரியத்தைப் பார்க்கிறது. மீன்பிடிக்கிறவருக்கு அது பின்னணி, டெனன்டுக்கு அதிசயம், விபுலாநந்தருக்குச் சுருதி, நீருக்கடியில் ஒலியால் ஆழம் அளக்கிற பொறியியலாளருக்கு வடிகட்டி எறிய வேண்டிய தொல்லை. அலையின் மீது ‘நான் குறிகை’ என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. அந்தப் பெயரைச் சூட்டுவது வலப்பக்கப் பெட்டிதான்.

இரைச்சலைப் பற்றிப் பாடநூல்கள் சொல்வதில் எனக்கு எப்போதும் பிடித்தது ஒன்று உண்டு: முழு அமைதி என்று எதுவும் கிடையாது. தனிப்பூச்சியத்துக்கு மேலே இருக்கிற எந்தத் தடையியும் தன் வெப்பத்தினாலேயே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஜோன்சன் அளந்து, நைகுவிஸ்ட் விளக்கம் சொன்னது 1928இல். ஒரு ஹேட்ஸ் பட்டையகலத்துக்கு −174 டிபிஎம் என்பது எங்கும் உள்ள அடித்தளம். மட்டக்களப்பு வெயிலுக்கு இன்னொரு 0.2 டெசிபலைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இரைச்சல் என்றதும் என் காதில் எழுவது தடையியின் சத்தமல்ல, சிற்றலையின் சத்தம். யுத்த காலத்தில் இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் பிபிசியின் தமிழோசை. அயன மண்டலம் ஏறி இறங்க, ஒரே அலை பல வழியால் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செய்தி வாசிக்கிறவரின் குரல் நீருக்கடியில் போய்விட்டு மீண்டு வரும். வானொலிப் பெட்டிக்குள் ஒரு சுற்று உண்டு: வருகிற அலை மெலிந்தால் பெருக்கத்தைத் தானாகவே கூட்டிவிடும். அதனால் குரல் போகிற நேரம் பார்த்து இரைச்சல் வீடு நிறைய எழும்பும். ஊரின் பெயர் சொல்லப்பட்டு, எத்தனை பேர் என்று வரவேண்டிய இடத்தில் அது நடக்கும். அப்போது பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் செய்ததைச் சமிக்ஞைக் கண்டறிதல் என்ற தலைப்பில் பின்னாளில் படித்தேன். ‘பதினேழா, இருபத்தேழா?’ என்று கேட்டு, கேட்ட ஒலியின் நீளத்தை வைத்து ஒன்றைத் தீர்மானிப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். இலங்கை வானொலி ஒன்று சொல்லும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் ஒன்று சொல்லும், லண்டன் ஒன்று சொல்லும். யார் குறைத்துச் சொல்வார், யார் கூட்டிச் சொல்வார் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறையைத் தங்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு நிலையங்கள் ஒரே செய்தி நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சொன்னால் அதை இரண்டாகக் கணக்கெடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. பிழைதிருத்தும் குறியீடுகள் வேலை செய்ய, பிழைகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்கிற வாக்கியத்தை, பௌதிகவியல் படிக்காத அந்த மனிதர்கள் திண்ணையில் இருந்தபடி கடைப்பிடித்தார்கள். கேட்பது என்பது வேலை. அந்த வேலையைப் படத்தில் எங்கும் காணவில்லை.

தொலைபேசியிலும் இதுதான். பழைய தொலைபேசி வலையமைப்பு 300 ஹேட்ஸிலிருந்து 3,400 ஹேட்ஸ்வரைதான் காவும். இந்தப் பட்டையில் குறிகை இரைச்சலைவிட 30 டெசிபல் மேலே இருந்தால், ஷனனின் சூத்திரப்படி செக்கனுக்குச் சுமார் 31,000 பிட்டுக்கு மேல் எந்த வித்தையாலும் பிழையில்லாமல் அனுப்ப முடியாது. பிள்ளைகள் கணிப்பானைத் தட்டி இந்த விடையைச் சரியாக எடுத்துவிடுவார்கள். நான் அவர்களிடம் இன்னொன்றைக் கேட்பதுண்டு: ஆண்குரலின் அடிப்படை மீடிறன் எவ்வளவு? சுமார் 120 ஹேட்ஸ். பெண்குரலினுடையது? சுமார் 200. அப்படியானால் 300க்குக் கீழே வெட்டிவிடும் கம்பி யாருடைய அடிக்குரலையும் காவியதே இல்லையே? வகுப்பு கொஞ்சம் விழிக்கும். டோஹாவிலும் றியாத்திலும் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பகுதித் தாய்மார் பிள்ளைகளோடு பேசிய வருடங்களில், அந்தக் குரலின் அடித்தளம் ஒருநாளும் கடல் கடந்து வரவில்லை. மேலேயுள்ள இசைமங்கள் மட்டும் வந்தன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிக்குரலைக் காது தானே உண்டாக்கிக்கொண்டது. பிள்ளை கேட்ட அம்மாவின் குரலில் ஒரு பகுதியைச் செய்தது பிள்ளையின் மூளைதான். இதைச் சொல்லும்போது உருக்கம் எதையும் சேர்க்காமலிருக்கப் பார்ப்பேன்; செவிப்புலனைப் பற்றிய வெறும் உண்மை இது. தொலைபேசிப் பொறியியலாளர்கள் துணிந்து பட்டையை வெட்டியதும் இந்தக் காதை நம்பித்தான். கேட்பவரைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அனுப்புவதைக் குறைக்க முடிந்தது. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் பாட்டைச் சுருக்குகிற குறியாக்கிகளும், காதுக்கு எது கேட்காது என்று பார்த்து அதை எறிந்துவிடுகின்றன. தொழில் அறிந்த விடயத்தைத் தொழிலின் அரிச்சுவடி ஏன் மறைக்க வேண்டும்?

2004 டிசெம்பர் 26இன் சுனாமியை வகுப்பில் எடுக்கலாமா என்று நெடுநாள் தயங்கியிருக்கிறேன். கல்முனை, கல்லடி, நாவலடி என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவரின் வீட்டில் அது இருக்கும். ஆனாலும் ஊடகம் என்பதன் முழு அர்த்தத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் பிளந்த சில நிமிடங்களில் அந்த அதிர்வு நிலத்தினூடாக இலங்கையை வந்தடைந்துவிட்டது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக நிலநடுக்க வலையமைப்பின் நிலையம் ஒன்று அப்போது இருந்தது. கிழக்குக் கரையில் கடல் ஏறச் சுமார் இரண்டு மணி நேரம் எடுத்தது. கிழக்கு அடிபட்ட பிறகும், தெற்கே பெரலியவில் ரயில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகும்வரை இடையில் நேரம் கிடந்தது. தகவல் புறப்பட்டது, தீவுக்கும் வந்தது, கரையில் நின்றவரிடம் போகவில்லை. அன்று போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பெட்டி காலியாக இருக்கவில்லை; சனத்தால் நிறைந்திருந்தது. அம்புதான் இல்லை. பிறகு கோபுரங்கள் எழும்பின, எச்சரிக்கை மையங்கள் வந்தன. 2012 ஏப்ரல் 11இல் அதே கடலில் 8.6 அளவில் நிலம் நடுங்க, எச்சரிக்கை ஒலித்தது, கரையோரச் சனம் ஓடியது, பேரலை வரவில்லை. கண்டறிதற் கோட்பாட்டில் இதற்குப் பெயர் பொய் எச்சரிக்கை. 2004இல் நடந்ததற்குப் பெயர் தவறவிடல். எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கும் வாசலின் உயரத்தைக் குறைத்தால் பொய் எச்சரிக்கை கூடும், கூட்டினால் தவறவிடல் கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூச்சியமாக்க முடியாது; இரைச்சல் விடாது. வாசலை எங்கே வைப்பது என்று கேட்டால் சூத்திரம் திருப்பிக் கேட்கும்: தவறவிட்டால் எவ்வளவு நட்டம், வீணாக ஓடினால் எவ்வளவு நட்டம், சொல். அந்த இரண்டு எண்ணையும் மின்சுற்றிலிருந்து எடுக்க முடியாது. பொருளைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்கிய கோட்பாடு, ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் பொருளைத் திருப்பிக் கேட்டு நிற்கிறது.

இவ்வளவும் சொன்னபின் எதிர்ப்பக்கத்து நியாயம் என்னை இழுக்கிறது. பொருளைப் பார்க்காமல் விடுவதில் ஓர் அறம் இருக்கிறதல்லவா? கம்பிக்குக் கண் இல்லை. நான் எழுதுவது மருந்துச்சீட்டா, காதலா, அரசுக்கு ஆகாத கருத்தா என்று அது பார்ப்பதில்லை. பிட்டுகளை எண்ணி அந்தப் பக்கம் சேர்க்கிறது. தங்கள் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்ட காலத்தை அறிந்த ஊர்களுக்கு இந்தக் குருட்டுத்தனம் எவ்வளவு பெரிய கொடை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையை ஒட்டியும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21ஐ ஒட்டியும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வெறுப்பு மின்னல் வேகத்தில் பரவியது என்பது உண்மை. முடக்கச் சொன்னவர்களின் பயத்தை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் முடக்கம் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வதந்தியும் நின்றது, ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்பதும் நின்றது. வாயிலிருந்து காதுக்குப் போகும் ஊடகத்தின் கொள்ளளவை மட்டும் எவராலும் பூச்சியமாக்க முடியவில்லை. ஆகவே ஷனன் பொருளைக் கழற்றியது தவறென்று நான் சொல்லவில்லை. அவர் அதைக் கழற்றியது வேலை நடப்பதற்காக. கழற்றி வைத்தது மேசையில்தான், குப்பைத்தொட்டியில் அல்ல. மாணவருக்கு மேசையைக் காட்டுகிறோமா என்பதே என் கவலை.

அதுவும் அந்தக் கம்பி நாம் நம்புகிற அளவுக்குக் குருடல்ல. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஏழு பிட் என்று வகுத்ததால் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் ஒவ்வோர் இடத்துக்கும் 16 பிட். 70 இடத்தோடு செய்தி முடிந்துவிடும். இடம் என்றுதான் சொல்கிறேன், எழுத்து என்று சொல்லவில்லை, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். மண்டூர் என்பது நாலெழுத்து. கைத்தொலைபேசிக்கு அது ஏழு இடம், 112 பிட். ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக எழுதினால் 42 பிட். வெள்ளம் வரும் என்று ஊரை எச்சரிக்கும் செய்தி தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ உடைந்து போகும். கட்டணமும் அதற்கேற்பக் கூடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. அட்டவணை போட்ட நாளில் வலப்பக்கப் பெட்டிக்குள் யார் இருப்பார்கள் என்று நினைத்தார்களோ, அவர்களுக்கு ஏழு பிட் போதுமாயிருந்தது. தமிழுக்கு உண்மையில் எத்தனை பிட் தேவை என்ற கேள்வியை நம்மவர் கேட்காமலும் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் எந்திரோப்பியைக் கணக்கிட்டு 1963இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஓர் எழுத்தை அடுத்து எந்த எழுத்து வரும் என்பதைத் தமிழறிந்தவர் பெருமளவு ஊகித்துவிடுவார். ஊகிக்கக்கூடியதை அனுப்ப இடம் வேண்டியதில்லை. பதினாறு பிட் என்பது மொழியின் பாரமல்ல, அட்டவணையின் பாரம். தகவற் கோட்பாடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையின் பெயரையாவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

வகுப்பறைக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் உயர்தரம்வரை இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில் படித்து, பொறியியல் பீடத்தில் முதல் நாள் முதல் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். கெட்டிக்காரர்கள். ஃபூரியே தொடரை வரி பிசகாமல் விரிப்பார்கள். பட்டையகலத்தின் இரு மடங்கு வேகத்தில் மாதிரி எடுக்கவேண்டும் என்பதை நித்திரையிலும் சொல்வார்கள். ‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் ‘ஓம் சேர்’ என்பார்கள். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். எப்போதும் ஒரே விடை வருகிற கேள்வியின் தகவல் அளவு என்னவென்று அதே வகுப்பில்தான் படிப்பிக்கிறோம்: பூச்சியம். விரிவுரை மண்டபம் முழுவதிலுமிருந்து அன்றைக்கு ஒரு பிட்கூட என் பக்கம் திரும்பி வருவதில்லை. தொடர்பாடலைக் கற்பிக்கிற அறையில் தொடர்பாடல் ஒருவழிப் பாதையாகிக் கிடக்கிறது. மாணவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை; கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்ற நிகழ்தகவை அவர்கள் பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடத்தில் நன்றாகவே மதிப்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் இளம் விரிவுரையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடம் அந்த ஐந்து பெட்டியை வலப்பக்கத்திலிருந்து போடத் தொடங்குங்கள். முதலில் ஆளை வையுங்கள். அவர் எதற்காகக் காத்திருக்கிறார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த மொழியில் வாசிப்பார், எதைத் தவறவிட்டால் அவருக்குத் தாங்காது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். தமிழில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு வாங்கி, பிறகு இரைச்சல், பிறகு ஊடகம், பிறகு அனுப்பி, கடைசியாகத் தகவல் புறப்படும் இடம். சமன்பாடு ஒன்றும் மாறாது, பாடத்திட்டத்தில் ஒரு வரிகூடக் குறையாது. ஒரு மணி நேரம் பிந்தும். பிந்தட்டும்.